ஒரு மூச்சு அதிகம்

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதை அந்த வீட்டு உப்புநீர்த் தொட்டிதான் சொல்லும். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். தொட்டி நான்கு என்றது.

கணக்கு எளிது. மூடிய வீட்டுக்குள் மனிதர்கள் விடும் மூச்சு தொட்டித் தண்ணீரில் கரைகிறது. கரையக் கரையத் தண்ணீரின் பிஎச் இறங்குகிறது. ஆளில்லாத வீட்டில், விடியற்காலையில், தொட்டி விளக்கைப் போடுவதற்கு முன் எட்டு புள்ளி இருபது இருக்கும். ஊரில் யாரும் புள்ளியைச் சொல்வதில்லை. எட்டு இருபது என்பார்கள். ஓர் ஆளுக்கு இரண்டு இறங்கும். மூன்று பேர் என்றால் எட்டு பதினாலு. நான்கு பேர் என்றால் எட்டு பன்னிரண்டு. எங்கள் ஊர்த் தண்ணீர் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். விருந்தாளி செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்காருவதற்குள் எண் மாறிவிடும். தொட்டியில் வளரும் மீன்களின் மூச்சு முதலிலேயே கழிக்கப்பட்டிருக்கிறது. கைக்குழந்தைக்கு ஒன்றுதான் இறங்கும். பின்தெருவில் ஒருவருக்குக் குறட்டை காரணமாக மூன்று இறங்குகிறது. அதற்கு அவர் முறைப்படி அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். விளக்கைப் போட்டுவிட்டால் தொட்டிப் பாசி விழித்துக்கொண்டு எல்லா மூச்சையும் தின்ன ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு பார்ப்பது செல்லாது.

வார்டு அலுவலகத்திலிருந்து அளவுக்காரர் விடியும்போது வருவார். எங்கள் சங்குகுளி காலனிக்கு வருபவர் பெயர் வளனரசு. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். மாடிப்படியில் நின்று நன்றாக மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார். வீட்டுக்குள் அவர் மூச்சு விடக் கூடாது. விட்டால் அவரும் கணக்கில் சேர்ந்துவிடுவார். பதில் சொல்ல மூச்சு வேண்டும் என்பதால் வீட்டுக்குள் அவரிடம் யாரும் பேசுவதுமில்லை. மீட்டரைப் பார்ப்பார், எண்ணைக் குறித்துக்கொள்வார், வெளியே போய்ப் படியில் மூச்சை விடுவார். மாடிப்படிகள் எந்த வீட்டையும் சேர்ந்தவை அல்ல. அளவுக்காரர்களும் அப்படித்தான். எந்த வீட்டுத் தொட்டியிலும் அவர்கள் இல்லை. மொட்டைமாடிகளில் படுத்துக்கொள்வார்கள்.

முதல் நாள் அவர் அப்பாவிடம் நான்கு விரலைக் காட்டினார். அப்பா மூன்று விரலைக் காட்டினார். அவர் மீட்டரைக் காட்டினார். எட்டு பன்னிரண்டு.

அப்பா அவர் பின்னாலேயே படிக்கட்டுக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாசக் கடைசிக்குள்ள அந்த ஆளக் காட்டிருங்க சார். இல்லாட்டா உள்ளவங்கள்ல ஒருத்தர் குறையணும்."

"யாரு குறையணும்?"

"அது உங்க இஷ்டம். ஆபீசுக்கு நம்பர் சரியா இருந்தாப் போதும்."

குறைந்தவர்கள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் தங்குவார்கள். அங்கே கடற்காற்று நிறைய வரும், தொட்டி கிடையாது, யாரும் எண்ண மாட்டார்கள். போன வருடம் எங்கள் தெருவிலிருந்து சூசை மாமா குறைந்தார். அவர் மனைவி இன்றும் அவருக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோகிறார். வாளியை வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவார்.

அப்பா கஸ்பார், உப்புக் கம்பெனியில் எடைமேடை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு அவர் பெயரில் இருக்கிறது. அம்மா பிலோமின்தான் சமைக்கிறாள். மகளான நான் வேதியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். யார் குறைவார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. ஆனால் அன்று மத்தியானம் அம்மா என் துணிகளை மடித்துத் தனியாக ஒரு பையில் வைத்தாள். நல்ல துணிகளை மட்டும்.

நான் முதலில் குச்சியைச் சந்தேகப்பட்டேன். தண்ணீருக்குள் நிற்கும் புரோபை எங்கள் வீட்டில் குச்சி என்றுதான் சொல்வோம். அதன் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழில் பாசி படிந்தால் தவறாகச் சொல்லும். காய்ந்துபோனாலும் தவறாகச் சொல்லும். நான் அதைக் காடியில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, ஏழாம் எண் கரைசலிலும் பத்தாம் எண் கரைசலிலும் நிறுத்திப் பார்த்தேன். ஏழில் ஏழு சொன்னது, பத்தில் பத்து சொன்னது. பொய் சொல்லும் குச்சி கரைசலிலேயே பொய் சொல்லிவிடும். கீழ்வீட்டு லில்லி மதினியிடம் அவர்கள் குச்சியைக் கடன் வாங்கி எங்கள் தொட்டியில் வைத்தேன். மறுநாள் காலை வளனரசு அதைப் பார்த்துவிட்டு மறுபடி நான்கு விரலைக் காட்டினார்.

"எங்க வீட்டுக் குச்சி நல்ல குச்சிளா. உங்க வீட்டுக் காத்துதான் சரியில்ல," என்றார் லில்லி மதினி, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது. வாங்கியவர் குமிழை வெளிச்சத்தில் பிடித்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.

அடுத்து அம்மா மாதா படத்துக்கு முன் ஏற்றும் மெழுகுவத்தியைச் சந்தேகப்பட்டோம். தீயும் மூச்சு விடும். அம்மா அதை ஏற்றாமல் விட்டாள். எண் மாறவில்லை.

அதன் பிறகு ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தோம்.

நான்காவது ஆள் இருக்கிறார் என்று ஆனபின் அவர் இருப்பதற்கான அடையாளங்கள் தாமாகவே தெரிந்தன. குளியலறைத் தரை யாரும் குளிக்காத நேரத்தில் ஈரமாக இருந்தது. கழுவிக் கவிழ்த்த தம்ளர்கள் நான்காக இருந்தன. அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு பேருக்கு ஊளி மீன் பொரித்தாள். நான்கு பேருக்கானதும் தீர்ந்துபோயிற்று. அப்பாவின் தட்டில் முள் சற்று அதிகமாகக் கிடந்ததைக் கவனித்தேன். அம்மாவும் கவனித்தாள்.

"என்னங்க, யாரையாவது கூட்டிட்டு வந்து வச்சிருக்கியளா?"

"எங்கட்டி வைக்க? பீரோவுலயா?"

"பீரோவத் தொறந்து பாத்துட்டேன்."

"அப்ப எதுக்குக் கேக்க?"

"சாவி உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குல்லா."

அப்பா அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தார். ஓர் ஆள் இரண்டு ஆளுக்கு மூச்சு விடுவது முடியாத காரியம் அல்ல. அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் என் மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டு, ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் நாற்காலி. வீட்டில் நான் இருப்பது அந்த நாற்காலியில்தான்.

மேல்மாடி வீட்டிலிருந்து யாராவது இறங்கி வருகிறார்களோ என்றும் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது மெல்பா டீச்சர் வீடு. டீச்சர் மகனோடு இருப்பதற்காக மஸ்கட் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டுத் தொட்டியையும் ஓடவிட வேண்டும் என்பது விதி. மீன்களுக்கு ஓர் இயந்திரம் தீனி போடுகிறது. சாவி அளவுக்காரரிடம் இருக்கும். அப்பா படியில் வளனரசுவை நிறுத்தி மேல்வீட்டில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார்.

"எப்பவும் எட்டு இருவதுதான் சார்," என்றார் அவர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

மாதம் பாதி போனபோது அம்மா சுண்ணாம்புக்கு இறங்கினாள். சுண்ணாம்புத் தெளிநீர் பிஎச்சை ஏற்றும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது குற்றம் என்பதும் தெரியும். ஆள் கூடுதலாக இருக்கும் வீடுகளில் தொட்டி மோட்டாரில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருக்கும். அம்மா வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பை ஒரு குடத்தில் கரைத்து, தெளியவைத்து, மேலாக மொண்டு, செபம் சொல்லிக்கொண்டே தொட்டியில் ஊற்றினாள். செபம் கொஞ்சம் நீளம். கோமாளி மீன்கள் இரண்டும் ஒரு மூலைக்குப் போய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் வளனரசு இரண்டு விரலைக் காட்டினார். எட்டு பதினாறு.

"நேத்து நாலு, இன்னைக்கு ரெண்டு," என்றார் அப்பா படியில். "கூட்டிப் பாதியாக்குனா மூணு வருதே தம்பி. மூணுன்னே எழுதிருங்களேன்."

"அப்படி எழுத முடியாது சார். நேத்து இருந்தவங்க வேற, இன்னைக்கு இருக்கவங்க வேற."

அப்பா அதை ஒத்துக்கொண்டார். அம்மா சுண்ணாம்பை நிறுத்தினாள். ஓரிரு நாளில் எண் மறுபடி எட்டு பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. பை இன்னும் கொஞ்சம் பருத்திருந்தது. அம்மா அதில் ஒரு போர்வையும் வைத்திருந்தாள். பொட்டலில் காற்று அதிகம்.

எனக்கு உறங்கி எழுந்ததும் தொட்டியைப் பார்க்கும் வழக்கம் உண்டு. வளனரசு வருவதற்கு முன்பே, விளக்குப் போடாத இருட்டில், மீட்டரின் பச்சை எண்ணைப் பார்ப்பேன். வீட்டுக்காரர் பார்ப்பது செல்லாது, அளவுக்காரர் பார்ப்பதுதான் கணக்கு. அதனால் நான் பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. நான் எதையுமே யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. ஆனால் சுண்ணாம்பு போட்ட அந்த நாளில் எனக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. நான் பார்த்தபோது எட்டு பதினெட்டு. அவர் பார்த்தபோது எட்டு பதினாறு. மற்ற நாட்களை நினைத்துப் பார்த்தேன். நான் பார்க்கும்போது எட்டு பதினாலு. அவர் பார்க்கும்போது எட்டு பன்னிரண்டு. சுண்ணாம்பு போட்டாலும் போடாவிட்டாலும் எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு இறங்கியது. இரண்டு என்றால் ஓர் ஆள்.

அப்படியானால் நான்காவது ஆள் வீட்டில் தங்கியிருக்கவில்லை. நான் பார்த்த பிறகு, அவர் பார்ப்பதற்கு முன் உள்ளே வருகிறார்.

மறுநாள் நான் என் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அறையிலிருந்து வரவில்லை. அம்மா சமையலறையில் இருந்தாள். பின்கதவு பூட்டியிருந்தது. மீட்டர் எட்டு பதினாலில் நின்றது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. வளனரசு உள்ளே வந்தார். மீட்டர் பதின்மூன்றுக்கு வந்தது. அவர் தொட்டிக்கு முன் குனிந்து நின்றார். பன்னிரண்டுக்கு வந்தது. அவர் குறித்துக்கொண்டு வெளியே போனார். அவரைத் தவிர யாரும் உள்ளே வரவில்லை.

அளவுக்காரரை நான் சந்தேகப்படவில்லை. எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கதவுக் கைப்பிடியைச் சந்தேகப்படுவது போன்றது அது. ஆனாலும் அதற்கடுத்த நாள் நான் வாசலைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். அவர் முகம் சிவக்கவில்லை. லில்லி மதினி வீட்டிலிருந்து வெளியே வரும்போது அவர் காது வரை சிவந்திருக்கும்; அதை மேல்படியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அவர் அவசரப்படவில்லை. குனிந்து கடற்சாமந்தியைப் பார்த்தார். அது விரிந்திருந்தது. கோமாளி மீன் அதன் மேல் புரள்வதைப் பார்த்தார். பிறகு என் நாற்காலியைப் பார்த்தார். என்னை அல்ல, நாற்காலியை. அதற்கு நேராக ஜன்னல் இருப்பதையும், ஜன்னல் வழியாகத் துறைமுக விளக்குகள் தெரிவதையும் பார்த்தார். அவர் சட்டைப் பையில் ஒரு பேனா செருகியிருந்தது. அந்தப் பேனா மெதுவாக மேலே ஏறிற்று. மெதுவாகக் கீழே இறங்கிற்று.

படியில் போய்ப் பேச எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் மாதக் கடைசி வந்துவிட்டது. பையின் ஜிப்பை மூட அம்மா அதன் மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வெளியே போனேன். அவர் நான்காவது படியில் உட்கார்ந்து கீழ்வீட்டுக்காக மூச்சைத் தயார்செய்துகொண்டிருந்தார்.

"நீங்க உள்ள மூச்சு விடுதீங்க," என்றேன்.

"ஆமா," என்றார்.

"நாலாவது ஆள் நீங்கதானா?"

"மீட்டரு அப்படித்தான் சொல்லுது."

"இத நீங்க முன்னாலயே சொல்லிருக்கலாம்லா?"

"உள்ள வச்சுப் பேசக் கூடாது. வெளிய வந்து யாரும் கேக்கல. உங்கப்பா மேல்வீட்டப் பத்திக் கேட்டாரு, சராசரி கேட்டாரு. இதக் கேக்கல."

அது உண்மைதான்.

"மத்த வீட்ல விட மாட்டீங்களா?"

"மத்த வீட்ல வரமாட்டேங்கு. உங்க வீட்ல அதுவா வருது. முதல்ல ஒரு நாள் வந்துச்சு. சரி, போட்டும்னு விட்டேன்." பிறகு அவர் கேட்டார்: "அந்த சன்னல்ல இருந்து பாத்தா கப்பல் உள்ள வாரது தெரியுமோ?"

"தெரியும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு லில்லி மதினி வீட்டுக்குள் போனார்.

நான் வீட்டில் சொன்னேன். அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனார். மிகவும் நிம்மதியாகத் தெரிந்தார். ஆளைக் காட்டும்படி கேட்டார்கள். ஆள் அவர்களுடைய அலுவலகத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா கையை நீட்டிக் காட்டினார். வேலை முடிந்தது. எங்கள் வீட்டு எண்ணிக்கையை மூன்றிலிருந்து நான்காக்கினார்கள். ஒரு வீட்டுக்குள் மூச்சு விட்டவர் அந்த வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். வீட்டுக்காரர் அளவுக்காரராக இருக்க முடியாது. வளனரசு சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு அப்பாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு பையும் ஒரு தலையணையும் வைத்திருந்தார். தலையணையில் மொட்டைமாடிச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

அம்மா என் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஆனால் துணிகளை வெளியே எடுத்து வைக்கவில்லை.

வளனரசு எங்கள் வீட்டில் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. துண்டை எந்தக் கொடியில் போடுவது என்று தெரிந்திருந்தது. குளியலறைத் தாழ்ப்பாளை லேசாகத் தூக்கித்தான் போட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. முதல் நாள் மாலையே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு அது பழக்கம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஊளி மீனில் நடுத்துண்டு அவருக்கு என்று ஆயிற்று.

"தம்பி வந்த பெறகு வீடு வீடா இருக்கு," என்றாள் அம்மா.

"மூச்சு விட ஒரு ஆம்பளப் பிள்ள இருந்தா தனிதான்," என்றார் அப்பா. அவர்கள் இருவரும் வளனரசுவின் மார்பைப் பார்த்து எண்ணினார்களா என்று கவனித்தேன். எண்ணவில்லை. அவர் நன்றாக, தாராளமாக, எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சு விட்டார்.

புதிய அளவுக்காரர் அமையும் வரை வார்டு மேற்பார்வையாளர் எஸ்தர் அம்மாவே வந்தார். அவருக்கு மூச்சை அடக்கிப் பழக்கமில்லாததால் மூக்கில் துணிமாட்டும் கிளிப்பைப் போட்டுக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீடு இப்போது நான்கு பேர் வீடு. எட்டு பன்னிரண்டு இருக்க வேண்டும். எஸ்தர் அம்மா மீட்டரைப் பார்த்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார்.

அம்மா மாதா படத்தைப் பார்த்தாள். அப்பா குச்சியைப் பார்த்தார். வளனரசு எதையும் பார்க்கவில்லை, கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்தர் அம்மா சைகையால் ஒவ்வொருவராக வெளியே போகச் சொன்னார். அப்பா படிக்கட்டுக்குப் போனார். எட்டு பதினாறுக்கு ஏறிற்று. அவர் திரும்பி வந்ததும் அம்மா போனாள், அதேபோல் ஏறிற்று. வளனரசு போனார், ஏறிற்று. நான் போனேன். கொஞ்ச நேரம் கழித்து எஸ்தர் அம்மா வெளியே வந்து கிளிப்பைக் கழற்றினார். மூக்கில் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது.

"நீ போனா ஒண்ணும் மாறல," என்றார். "எத்தன நாளா விடல?"

நான் யோசித்துப் பார்த்தேன். வளனரசு தலையணையோடு உள்ளே வந்தபோது மூச்சை அடக்கினேன். புதிய ஆட்கள் முன்னால் எனக்கு அப்படி ஆகும். கல்லூரியில் வாய்மொழித் தேர்வுகளிலும் ஆகியிருக்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் எழுந்த பிறகு விடலாம் என்று இருந்தேன். அவர் எழவில்லை.

"அவர் வந்த நாள்ல இருந்து," என்றேன். சொல்லும்போது அந்த மூச்சு வெளியே வந்தது. நீளமாக வந்தது. படியில் கிடந்த செய்தித்தாள் நகர்ந்து இரண்டு படி கீழே போயிற்று.

எஸ்தர் அம்மா செய்தித்தாளைப் பார்த்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். சங்கு குளிப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளைத்தான் வழக்கமாக எடுப்பதாகவும், டிகிரி படித்தவர்களை எடுக்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். கிளிப்பை அங்கேயே படியில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அப்பாவுக்கு மிகவும் சந்தோஷம். "கெவர்மெண்டு வேலைம்மா," என்றார். வீட்டு எண்ணிக்கை மறுபடி மூன்று என்று ஆயிற்று. அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் தூசியைத் தட்டிக் கொடுத்தாள். ஜிப்பைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. போர்வை மொட்டைமாடிக்கும் பொருத்தமாக இருந்தது.

வளனரசு படி வரை வந்து சாவிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் சுண்ணாம்பு போடுகிறார்கள் என்றெல்லாம் சொன்னார். கடைசிச் சாவிக்கு வந்தபோது அதை மட்டும் கொத்துக்குள் திருப்பிவிட்டார்.

"இது மெல்பா டீச்சர் வீடு. அங்க போக வேண்டாம். எப்பவும் எட்டு இருவதுதான். பாக்காமலே எழுதிக்கிடலாம்."

"நீங்க பாத்ததே இல்லையா?"

"நம்ம வீட்டுக் காப்பி ஆறிரும்," என்றார் அவர், உள்ளே போய்க்கொண்டே.

மறுநாள் விடியும்போது என் சுற்று ஆரம்பித்தது. லில்லி மதினி வீட்டில் நான்கு பேர், எட்டு பன்னிரண்டு, சரியாக இருந்தது. அவர் என்னைத் தெரியாதவர்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் மரியாதை. பிறகு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, மூச்சை அடக்கி, உள்ளே போனேன். எட்டு பதினாலு. மூன்று பேர். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். ஏதோ கேட்க வாயைத் திறந்து, நான் அளவுக்காரி என்பது நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டாள். வளனரசு நாற்காலியில் கைலியோடு உட்கார்ந்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. துப்பட்டாவில் நான் செருகியிருந்த பேனாவைப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் திருப்தியாகக் கப்பல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்தத் திருப்தி பிடிக்கவில்லை.

அதனால் படியில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

பூட்டு இறுகியிருக்கும் என்று நினைத்தேன். எண்ணெய் போட்ட பூட்டு போலத் திறந்தது. உள்ளே எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. சோபாவுக்கு உறை போட்டிருந்தது. டீச்சரின் பிரம்பு நாற்காலிக்கு மட்டும் உறை இல்லை. கூடத்தின் மூலையில் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. மீன்கள் கொழுத்திருந்தன.

நான் ஒரு முடிவோடுதான் போயிருந்தேன். ஆளில்லாத வீட்டில் எட்டு இருபது காட்டும். நான் ஒரு முறை மூச்சு விட்டால் எட்டு பதினெட்டுக்கு வரும். எட்டு பதினெட்டு என்றால் அந்த வீட்டில் ஒருவர் வசிக்கிறார் என்று அர்த்தம். அதைக் குறித்துக்கொண்டு போய் வார்டு அலுவலகத்தில் என்னைக் காட்டிக் கொடுத்துவிடலாம். அடுத்தவர் வீட்டு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் மூச்சு விடலாம். அதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. இங்கே ஜன்னல் இன்னும் உயரத்தில் இருந்தது. துறைமுகம் முழுவதும் தெரியும்.

தொட்டிக்கு முன் குனிந்தேன். மீட்டர் எட்டு பதினெட்டு என்றது.

நான் இன்னும் மூச்சு விட்டிருக்கவில்லை.

அளவுக்காரி என்ற முறையில் முதலில் குச்சியைப் பார்த்தேன். குமிழ் சுத்தமாக இருந்தது. யாரோ நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள். மோட்டாரில் வெள்ளைப் பொருக்கு இல்லை. குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. நான் 'ஒருவர்' என்று எழுதினேன். பிறகு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, பையைக் காலடியில் வைத்துவிட்டு, மூச்சை விட்டேன். அது தானாகவே வந்தது. மீட்டர் பதினேழுக்கு வந்து, பதினாறில் நின்றது. 'ஒருவர்' என்பதை அடித்துவிட்டு 'இருவர்' என்று எழுதினேன்.

சமையலறையில் யாரோ இரண்டாவது தம்ளரை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

எனக்குச் சீனி கொஞ்சமாகப் போதும் என்று சொன்னேன்.